வெள்ளைக் கல் வைத்த மணல்

அந்தச் சுண்ணாம்பைக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, "எல்லாம் தெரிஞ்சவன் மாதிரிப் பேசுறானே, இவன் யோக்கியதை என்ன?" என்று கேட்கக் கூடாது. எனக்குப் பழைய துறைமுகத்தில் காபிக்கடை. கோட்டைச் சுவரை ஒட்டிப் பதினோரு மேசை. ஊருக்கு யார் வந்தாலும் என் கடையில் உட்காராமல் போக முடியாது. என் காபி அப்படி ஒன்றும் உசத்தி இல்லை, துறைமுகத்தில் நிழல் அங்கே மட்டும்தான்.

போன வருஷம் செப்டம்பரில் உஸ்தாது மக்ரம் தலைநகரத்திலிருந்து வந்து என் மேசையில் வரைபடத்தை விரித்தார். எங்கள் ஊரில் வரலாறும் இயற்கையும் சேர்ந்த நடைவழி ஒன்று போடப்போகும் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். படித்தவர் என்பதால் ஊரே அவரை உஸ்தாது என்றுதான் கூப்பிடும். நல்ல மனுஷன். யாரைப் பார்த்தாலும் சிரிப்பார், எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வார், குறித்துக்கொண்டதை மறந்துவிடுவார். மூன்று கோட்டை, பழைய கொள்ளைக் கப்பல்கள் நின்ற கல் கொட்டகை, பள்ளிவாசல், பிறகு காயல் ஓரமாகப் பூநாரைகள், மணல் வயல், கடற்கரை தர்கா என்று விரலை ஓட்டிக் காட்டினார்.

"வழி தெரியறதுக்குக் கல்லுக்குக் கல் பெயின்ட் அடிக்கணும் லமீன். மஞ்சள் அடிக்கலாமா?" என்று கேட்டார்.

"மஞ்சள் வேணாம் உஸ்தாது. காஞ்ச கோரையோட கலந்துரும். வெள்ளை அடிங்க, அரை மைல்லருந்து தெரியும்" என்றேன். அதோடு வாயை மூடினேனா? கடைக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு மூட்டை ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, இந்த ஊருக்கு உன்னை மாதிரி ஆள்தான் வேண்டும் என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் ஊரில் காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு மணல்திட்டு ஓடுகிறது. வயல் அதில்தான். ரம்லி என்போம். வெளியூர்க்காரன் கண்ணுக்கு அது வெறும் மணல், ஓரத்தில் காற்றுக்கு மறைப்பாகக் கோரைத் தட்டி. மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. அதன் மேலே மழைத் தண்ணீர், பாலின்மேல் ஆடை நிற்பது மாதிரி. காயலில் தண்ணீர் ஏறும்போது அந்த நல்ல தண்ணீரும் ஏறி வேரைத் தொட்டுவிட்டு இறங்கும். ஒருவரும் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். ஆனால் மணலின் உயரம் தப்பக் கூடாது. நாலு விரல் கூடினால் வேர் காயும், நாலு விரல் குறைந்தால் உப்பைக் குடித்துச் சாகும். அதனால்தான் வருஷா வருஷம் கடற்கரையிலிருந்து கூடை கூடையாக மணல் கொண்டுவந்து போட்டு, பலகையால் தட்டி, கையால் அளந்து பார்த்துச் சாகிறார்கள்.

மணல் போட்டு விதை ஊன்றியதும் வயல் துண்டின் நாலு மூலையிலும் நடுவிலும் வெள்ளையடித்த கல் வைப்பார்கள். முளை தலைகாட்டும்வரை கல் இருக்கும். அதற்கு ஒரே அர்த்தம்தான்: கால் வைக்காதே. எங்கள் ஊர் நாய்கூட வெள்ளைக் கல்லைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும். இதெல்லாம் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அந்த வரைபடத்தைப் பார்த்த அரை மணி நேரம் மட்டும் தெரியாமல் போய்விட்டது. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

திட்டின் கடைசித் துண்டு கமாயிஸுடையது. தர்காவுக்குப் போகிற வழியை ஒட்டினாற்போல் இருக்கிறது. என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். பேச்சுக்கு முன்னால் அடிக்கக் கை நீளும் என்று சின்ன வயதில் பேரெடுத்தவன், அம்பத்தெட்டு வயதில் பேச்சும் நீண்டுவிட்டது. மனைவி தலந்தா வயலில் அவனுக்குச் சரியாக நிற்பாள். ஒரே மகள் ஷிராஸ். நிலவியல் படித்துவிட்டு நாலு வருஷம் வீட்டில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மக்ரமின் நடைவழியில் வழிகாட்டி வேலை கிடைத்தது. பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். ஏப்ரலில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் கமாயிஸ் என் கடையில் இருந்த எல்லோருக்கும் தன் செலவில் காபி வாங்கிக் கொடுத்தான். அவன் அப்படிச் செய்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

சனிக்கிழமைகளில் ஷிராஸ் கூட்டிவருகிற கூட்டத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் அந்த மண்ணில் வளர்ந்தவள், வரப்பைச் சுற்றித்தான் கூட்டிப்போவாள். வந்தது பிப்ரவரி முதல் ஞாயிறு. வழிகாட்டி இல்லாமல், கையில் அச்சடித்த வரைபடத்தோடு ஒரு பஸ் நிறைய ஆட்கள். காயல் ஓரமாக வெள்ளைக் கல், வெள்ளைக் கல் என்று பிடித்துக்கொண்டு வந்தார்கள். சங்கத்தின் கல் முடிந்த இடத்தில் கமாயிஸின் கல் ஆரம்பித்தது. அதையும் பிடித்துக்கொண்டார்கள்.

தலந்தா பக்கத்துத் துண்டில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"வெளிய வாங்க! வயலுங்க அது! ஏ பொம்பள, உன்னத்தான், வெளிய வா!"

காற்று கடலிலிருந்து அடித்தது. அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவர்களும் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். ஒருத்தன் அவளைப் படம் வேறு எடுத்தான். முப்பத்தெட்டுப் பேர் ஒருவர் பின்னால் ஒருவராகத் துண்டின் குறுக்கே நடந்து கடலைப் பார்க்கப் போனார்கள். போகிற வழியில் நல்லபடியாக சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று தலந்தா பிறகு சொன்னாள். அதுதான் அவளுக்கு அதிக எரிச்சலாம்.

கமாயிஸ் வந்து முட்டி போட்டு, கையை மணலில் விட்டு அளந்தான். நடந்த தடம் பூராவும் நாலு விரல் இறங்கியிருந்தது.

மறுநாள் மக்ரம் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது வந்துவிட்டான். நான் குவளை கழுவுகிற பாவனையில் உள்ளே நின்றுகொண்டேன்.

"உஸ்தாது, உங்க ஆளுங்க என் வயல மிதிச்சுட்டாங்க."

"வருத்தமா இருக்கு கமாயிஸ். ரொம்ப வருத்தமா இருக்கு. அவங்க வழிக் கல்லப் பாத்துத்தான் வந்திருக்காங்க."

"அது வழிக் கல்லு இல்ல. என் கல்லு."

"அதும் வெள்ளதான?"

"எங்க பாட்டன் காலத்துலருந்து வெள்ளதான். நீங்க நேத்து வந்தீங்க."

"இப்ப நான் என்ன பண்ணணும்னு சொல்றீங்க?"

"உங்க கல்லுக்கு வேற நெறம் அடிங்க. பச்ச அடிங்க, செவப்பு அடிங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மக்ரம் நோட்டை எடுத்தார், குறித்துக்கொண்டார். "நூத்தி எழுபது கல்லு. வரைபடத்துல 'வெள்ளைக் கல்லைப் பின்தொடரவும்'னு அச்சாயிருக்கு. வெளிநாட்டுக்கும் அனுப்பியாச்சு. அடுத்த அச்சுல பாப்போம், இன்ஷா அல்லா."

"அடுத்த அச்சு எப்ப?"

"அடுத்த வருஷம்."

"உருளைக்கெழங்கு அடுத்த வருஷம் வரைக்கும் மண்ணுக்குள்ள படுத்துக்கிட்டு இருக்குமா? நான் அதுக்கிட்டச் சொல்லிப் பாக்கவா?"

மேசையில் ஓங்கிக் குத்தினான். மக்ரமின் காபி வரைபடத்தில் கொட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அவர், "எழுத்துல ஒரு புகார் கொடுங்க, அப்பத்தான் நான் மேல பேச முடியும்" என்றார். கமாயிஸுக்கு அப்போதே குரல் இறங்கிவிட்டது. ஏன் என்று வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். பெரிய தட்டில் ஆவியில் வெந்த கோதுமைக் குஸ்குஸ், மேலே மடவை மீன், பூசணி, போன அறுவடையில் மிஞ்சிய கிழங்கு. அந்த மணலில் விளைந்த கிழங்குக்குத் தோல் சீவ வேண்டியதே இல்லை, கட்டைவிரலால் தடவினால் வந்துவிடும். நாலு பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை.

"எழுதிக் கொடுத்துரு. நான் கையெழுத்துப் போடறேன், தெருவே போடும்" என்றேன்.

"எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்னு அவளக் கேளு" என்று மகளைக் காட்டினான்.

ஷிராஸ் தட்டைப் பார்த்தபடியே பேசினாள். "நெலத்துச் சொந்தக்காரர் எழுத்துல புகார் கொடுத்தா நடவழிய நிறுத்தி வச்சு விசாரிக்கணும் மாமா. அது விதி. விசாரண முடிய ஆறு மாசமோ ஒரு வருசமோ. நடவழி இல்லன்னா வழிகாட்டி எதுக்கு? ஏப்ரல்ல என்னை நிரந்தரம் ஆக்க மாட்டாங்க."

"அதுக்காக நான் வாயத் தச்சுக்கிட்டு இருக்கணும்" என்றான் கமாயிஸ்.

"நான் அப்படிச் சொன்னேனா வாப்பா? எழுதுங்க. நானே பேனா எடுத்துத் தரேன்."

"பேனா எடுத்துத் தரியா? நாலு வருசம் நீ மூலையில உக்காந்து நகத்தக் கடிச்சத நான் பாக்கலையா? உங்க உம்மா ராவும் பகலும் துவா கேட்டத நான் கேக்கலையா? எழுதுங்கன்றா!"

"அப்ப எழுதாதீங்க! ஆனா தெனம் என் மூஞ்சப் பாத்துப் பெருமூச்சு விடாதீங்க. தொப்பியப் போட்டா பெருமூச்சு, கழட்டுனாப் பெருமூச்சு!"

"போதும், போதும். சோறு ஆறுது" என்று தலந்தா என் பக்கம் கிழங்கைத் தள்ளினாள். "அந்த வெள்ளையத் தேடிப் புடிச்சுக் குடுத்தவன் எவனோ, அவன் நல்லாருப்பானா? ஊர்க்காரனா இருந்தா இந்தக் காரியம் பண்ணியிருப்பானா?"

எத்தனை நாள்தான் மறைக்க முடியும்? தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். "ஊர்க்காரன்தான் தலந்தா. நான்தான் சொன்னேன். சுண்ணாம்பும் நான்தான் குடுத்தேன்."

தலந்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்பது வருசமா இந்த மண்ணு கெழங்கத் தின்னிருக்கீங்க லமீனண்ணே" என்றாள். "அம்பது வருசமா அந்தக் கல்லச் சுத்தி நடந்திருக்கீங்க. அவரு என்ன நெறம்னு கேட்டாரு, நீங்க வெள்ளன்னு சொன்னீங்க."

"தோணல தலந்தா. சத்தியமாத் தோணல."

"உங்களுக்கே தோணலன்னா, பஸ்ஸுல வர்றவனுக்கு எங்க தோணும்?"

கமாயிஸ் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். சிரிப்பா அது! "சாப்பிடு" என்றான், "ஒன்னத் தட்டுலருந்து எழுப்பிவிட்டா ஊரு என்ன சொல்லும்." எழுந்து வந்திருக்க வேண்டும். மானம்கெட்டுப்போய்ச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதித் தரக் கூடாது, ஆனால் வயலைக் காப்பாற்ற வேண்டும். கமாயிஸும் தலந்தாவும் மறுபடி மணல் சுமந்து, தட்டி, அளந்து, மறுபடி விதை ஊன்றினார்கள். மிதிபட்ட விதை உப்பில் ஊறி அழுகிப்போயிருந்தது. கல்லையும் வைத்தார்கள், வைக்காமல் எப்படி இருப்பது? அத்தோடு ஒரு பலகை நட்டான். 'வயல், மிதிக்காதீர்' என்று எழுதினான். ஷிராஸ் அதன் கீழே பிரெஞ்சிலும் எழுதினாள். நாலாவது நாள் சங்கத்து ஆள் வந்து, நடைவழியில் அனுமதி இல்லாத பலகை இருக்கக் கூடாது என்று பிடுங்கிக்கொண்டு போனான். அனுமதிக்கு மனு கொடுக்கலாமாம். மனு எழுத்தில் இருக்க வேண்டுமாம்.

வழியோரம் கோரைத் தட்டியால் வேலி கட்டினான். அடுத்த ஞாயிறு வந்தவர்கள் தட்டியை ஜாக்கிரதையாகத் தூக்கி நகர்த்தி, உள்ளே நடந்து, திரும்ப அதே மாதிரி சாத்திவைத்துவிட்டுப் போனார்கள். வாசல் என்று நினைத்துக்கொண்டார்களாம். அவ்வளவு மரியாதை! மிதித்துக் கெடுத்தாலும் பரவாயில்லை, இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை என்று தலந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது விதையும் போயிற்று. கமாயிஸ் என்னையும் இழுத்துக்கொண்டு மாகாண அலுவலகத்துக்குப் போனான். எழுத்து வேண்டாம், வாய்வார்த்தையாகக் கேட்டுப் பார்ப்போம் என்று. மூன்று அறை மாறி நாலாவது அறையில் ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பெரிய வரைபடத்தை எடுத்து விரலை வைத்தார்.

"நீங்க சொல்ற எடத்துல வயலே இல்லையே."

"இருக்கு ஐயா. நான் அதுலதான் நாப்பது வருசமா முதுக ஒடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"இங்க கடற்கரைன்னு போட்டிருக்கு."

"அப்ப நான் கடல்லயா கெழங்கு போடறேன்?"

"பத்திரம் இருக்கா?"

கமாயிஸ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அந்தத் திட்டில் எவனுக்கும் பத்திரம் கிடையாது. அப்பன் மணல் போட்ட இடத்தில் மகன் மணல் போடுகிறான், அதுதான் பத்திரம். அதிகாரி கெட்டவர் இல்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, "ஒரு சுலபமான வழி சொல்றேன். மத்தவங்க கல்ல மாத்தச் சொல்றதுக்கு நாளாகும். உங்க கல்ல நீங்களே எடுத்துடுங்க. கல் இல்லன்னா அங்க யாரு வரப்போறாங்க?" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். தெருமுனையில் கொண்டைக்கடலைச் சூப்பு விற்றுக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். கமாயிஸ் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"கல்ல எடுத்துடுன்னு சொல்றாரு லமீன்."

"காதுல விழுந்துச்சு."

"கல்லில்லாம வெத போட்டவன் எவனாவது உண்டா?"

"இல்ல. ஆனா அவரு சொல்றதுல ஞாயம் இல்லாம இல்ல. நடக்குறவன் கல்லப் பாத்துத்தான வரான்."

"நீ சொல்லாத. நீ எதுவும் சொல்லாத" என்றான்.

மூன்றாவது தடவைக்கு விதை இல்லை. வீட்டுச் சமையலுக்கென்று தலந்தா வைக்கோலில் போட்டு வைத்திருந்த ஒரு கூடைக் கிழங்குதான் மிச்சம். அதில் கண் விட்டதாகப் பொறுக்கி, வெட்டி, சாம்பல் தடவினாள். பிப்ரவரி முடியப்போகிறது. மார்ச் நடுவில் தெற்கத்திக் காற்று வந்துவிட்டால் அப்புறம் ஊன்றியும் பிரயோஜனமில்லை. இது முளைத்தால் உண்டு, இல்லையென்றால் அந்தத் துண்டில் இந்த வருஷம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் சும்மா கிடந்த துண்டில் உப்பு ஏறிவிடும். ஏறிய உப்பு இறங்க எத்தனை வருஷமாகும் என்று யாருக்கும் தெரியாது.

விதை ஊன்றிய அன்று நானும் கூடை தூக்கினேன். முதுகு இன்னும் வலிக்கிறது, அது கிடக்கட்டும். மணலைத் தட்டி முடித்ததும் கமாயிஸ் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றான்.

"வைக்காதீங்க வாப்பா. ஒரு மாசந்தான. நான் வர்றப்பல்லாம் பாத்துக்கறேன்" என்றாள் ஷிராஸ்.

"வைங்க. கல்லில்லாத வெத அனாதப் புள்ள மாதிரி" என்றாள் தலந்தா.

"வச்சா மிதிக்கிறான். வைக்கலன்னா நீ அழற. என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினான். ஐந்து கல்லையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காயலில் வீசினான். வீசிவிட்டுக் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைச் சட்டையில் துடைத்தான்.

அதிகாரி சொன்னது பலித்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிறு வந்தவர்கள் சங்கத்தின் கடைசிக் கல்வரை வந்தார்கள், வேறு கல் தெரியாததால் கொஞ்சம் முழித்தார்கள், பிறகு வரப்போடு போனார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கமாயிஸ் கடைக்கு வந்து என்னோடு சீட்டு விளையாடினான். "நாலஞ்சு நாள்ல மொள தெரியும் லமீன்" என்றான். கையால் கொஞ்சம் மணலை விலக்கிப் பார்த்தானாம், வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்ததாம். "அந்த ஆளு படிச்சவருதான்யா" என்று அதிகாரியைப் பற்றிக்கூட நல்லதாக ஒரு வார்த்தை சொன்னான்.

தலந்தாவின் தம்பி நூரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தத் திட்டிலேயே மணல் ஏற்ற டிராக்டர் வைத்திருப்பவன் அவன் ஒருத்தன். மகளுக்குப் பிரசவம் என்று தெற்கே போனவன், ஒன்றரை மாதம் கழித்துப் பேரனைக் கொஞ்சிவிட்டு வெள்ளிக்கிழமை திரும்பியிருந்தான். மச்சான் வயல் மிதிபட்டது, மணல் இறங்கிப்போனது, அக்கா இடுப்பொடியக் கூடை சுமந்தது எல்லாம் போனில் கேட்டிருந்தான். மூன்றாவது விதையைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லவில்லை. கல்லைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சனிக்கிழமை விடிந்ததும் கடற்கரையில் ஒரு வண்டி நல்ல மணல் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். அக்கா எழுந்து வருவதற்குள் கொண்டுபோய்க் கொட்டி அவளை மலைக்கவைக்க வேண்டும் என்று ஆசை. காயலிலிருந்து மூடுபனி. கடைசித் துண்டுக்கு வந்தான். கல்லைத் தேடினான். இவனைவிடக் கல் பார்க்கத் தெரிந்தவன் அந்தத் திட்டில் இல்லை. கல் இல்லை. ஆக, விதை இல்லை, மச்சான் வெறுத்துப்போய் இந்தத் துண்டைச் சும்மா போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். டிராக்டரை உள்ளே விட்டு, நடுவில் கொட்டினால் நாலு பக்கமும் இழுத்துவிட வசதி என்று நேரே நடுவுக்கே ஓட்டிப்போய்விட்டான்.

தலந்தா போட்ட சத்தம் துறைமுகம்வரை கேட்டது. நான் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன்.

டிராக்டர் நடுவில் நின்றது. பின்னால் சக்கரத் தடம் இரண்டு, முழங்கால் ஆழம், இரண்டிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நூரி கீழே இறங்கிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பெரிய ஆள், மீசைக்காரன், குழந்தை மாதிரி அழுதான்.

"கல்லு இல்லையே மச்சான்! நாலு மூலையும் பாத்தேன். இறங்கிக்கூடப் பாத்தேன். கல்லு இல்லையே! அல்லா மேல ஆண, ஒரு கல்லு இருந்தா நான் கால் வச்சிருப்பேனா?"

கமாயிஸ் தடத்து ஓரத்தில் உட்கார்ந்தான். ஒன்றரை மாதமாக ஊரில் அவன் திட்டாத ஆள் இல்லை. என்னைத் திட்டினான், மக்ரமைத் திட்டினான், பஸ் டிரைவரைத் திட்டினான், பூநாரையைக்கூடத் திட்டினான். நூரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"என்ன மச்சான்? நல்ல தண்ணியா?" என்று கேட்டான் நூரி.

"உப்பு."

"வண்டிய மெதுவா வெளிய எடுத்துடறேன். மணலக் கொட்டித் தூத்துரலாம். இன்னிக்கே தூத்துரலாம் மச்சான், நான் இன்னும் பத்து வண்டி கொண்டாறேன்..."

"உன்மேல தப்பில்ல நூரி. கல்லு இல்ல. நீ வந்த. அவ்வளவுதான்."

தலந்தா மணலில் உட்கார்ந்து, சக்கரம் புரட்டிப்போட்ட கிழங்குத் துண்டுகளை மடியில் பொறுக்கினாள். ஒவ்வொன்றிலும் முளை விட்டிருந்தது. "பாருங்க, மொளச்சிருக்கு. பாருங்கண்ணே, மொளச்சிடுச்சு" என்று என்னிடம் காட்டிக்கொண்டே இருந்தாள்.

பனி கலைந்து வெயில் வந்தபோது ஷிராஸ் கூட்டத்தோடு வந்தாள். தலைநகரத்திலிருந்து பதினாலு பேர், முதுகில் பை, கையில் தடி. கோரைத் தட்டியைத் தாண்டியதும் டிராக்டரைப் பார்த்தாள், தாய்மாமனைப் பார்த்தாள், உம்மாவின் மடியைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்த பாடம் பாதியில் நின்றது. "இந்த மணல் வயல்கள் நானூறு வருஷமாக..." என்பதுவரை எனக்குக் கேட்டது.

ஒரு அம்மாள் கேட்டாள்: "நானூறு வருஷமா? அப்புறம்?"

ஷிராஸ் கூட்டத்தை வரப்புப் பக்கம் திருப்பக் கையைக் காட்டினாள்.

கமாயிஸ் எழுந்தான். முட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். மகளையே பார்த்தான்.

"எதுக்கும்மா சுத்திப் போறீங்க? இனிமே இது பாதைதான். நேராக் கூட்டிட்டு வா."

"வாப்பா..."

"கூட்டிட்டு வாம்மா."

சொல்லிவிட்டுத் திரும்பி, தான் தட்டி அளந்த மணலின் நடுவில், டிராக்டர் படாமல் மிஞ்சியிருந்த பக்கமாக நடக்க ஆரம்பித்தான். மெதுவாக, ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து, கடலைப் பார்த்துப் போனான். "என்ன பண்றீங்க? ஐயோ, அந்தப் பக்கம் இன்னும் இருக்கே!" என்று தலந்தா கத்தினாள். அவன் நிற்கவில்லை.

கூட்டத்தில் வந்தவர்களுக்கு என்ன தெரியும்? உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வழி காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் அந்த அம்மாள், பிறகு அவள் கணவன், பிறகு ஒவ்வொருவராக அவன் காலடி பட்ட இடத்திலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, ஒரே வரிசையாகப் பின்னால் போனார்கள். கடைசியாகப் போன ஒரு கிழவர் எங்கள் பக்கம் திரும்பி, நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஷிராஸ் மட்டும் வரப்பைச் சுற்றித்தான் போனாள்.